உயிர் காலேஜைத் தொடங்கி வைத்த டாக்டர்

(மூன்றாமாண்டு, சிவில்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கப்பா என்று யூனியன் செயலாளர் அண்ணன் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, பாதிப் பேர் கவிதை தருவதாகக் கை தூக்கினார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது லெவல் பார்ப்பதும் எஸ்டிமேட் போடுவதும்தான். ஆனாலும் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் கதை ஆறு மாதமாக என் மனசுக்குள் கிடக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். காரணம் என் அப்பத்தா.

எங்கள் வீடு மாட்டுத்தாவணிப் பக்கம். இப்போது மாட்டுத்தாவணி என்றால் எல்லோருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். அது வந்தது 1999இல். அதற்கு முன்னால் அந்த இடம் பெயருக்கேற்ற இடமாகத்தான் இருந்தது. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறு. அதுவே மாட்டுச் சந்தைக்கும் பெயராயிற்று. என் தாத்தா அங்கே மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். பல்லைப் பார்த்து வயசு சொல்வார், சுழி பார்த்துக் குணம் சொல்வார். கையெழுத்துக்கு மட்டும் பெருவிரல். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று, காலேஜில் சேர்ந்துவிட்டேன் என்று அப்பத்தா காலில் விழுந்தேன். அப்பத்தா விபூதி பூசிவிட்டு, தானும் காலேஜ் போயிருப்பதாகச் சொன்னது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் காலேஜ் என்று கேட்டால், மெட்ராஸில் உயிர் காலேஜ் என்றது. கல்யாணமான புதிதில் தாத்தா கூட்டிப் போய்க் காட்டினாராம்.

அந்தக் காலத்து மெட்ராஸ் சனங்கள் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். ஒன்றில் பஞ்சடைத்த மிருகம், மற்றதில் மூச்சு விடுகிற மிருகம். மியூசியம் முதலில் காலேஜ் ரோட்டில் ஒரு காலேஜ் கட்டடத்தில் தொடங்கியதால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வாரும் உண்டு. எப்படியோ, பள்ளிக்கூடப் படியே ஏறாத ஒரு சனக்கூட்டம் அந்த இரண்டு இடங்களையும் காலேஜ் என்று கூப்பிட்டது!

போன வருடம் கூடுவாஞ்சேரியில் அத்தை வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனபோது, அப்பத்தா உயிர் காலேஜை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அது இப்போது சென்ட்ரலில் இல்லை, வண்டலூருக்கு வந்துவிட்டது என்று சொல்லிக் கூட்டிப் போனேன். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் அங்கே விடுமுறை என்று எனக்குத் தெரியாது. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மறுநாள் மறுபடி போனோம்.

நான் ஒவ்வொரு பலகையாக வாசித்துக் காட்டினேன். அப்பத்தா பலகைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. காட்டெருமையைப் பார்த்த மாத்திரத்தில், கால் நான்கிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருப்பதையும், முதுகு மேடேறி இருப்பதையும், குளம்பு பலத்தையும் சொல்லி, இது நுகத்துக்கு அடங்காத சாதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. புலி இருந்த இடத்தில்தான் குழம்பிப் போனது. கம்பி எங்கே என்று தேடியது. அன்று அது பார்த்த புலி, கம்பிக் கூண்டுக்குள் நாலடி நடந்து திரும்பி நாலடி நடந்த புலி. இங்கே புலிக்கும் நமக்கும் நடுவில் அகலமான பள்ளமும் சுவரும்தான். சிவில் மாணவன் என்பதால் எனக்கு அந்தப் பள்ளத்தின் மேல்தான் கண். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1907இல் இந்த முறையில் ஒரு காட்சிசாலையைத் திறந்து காட்டினார். ஒரு மிருகம் எவ்வளவு தூரம் தாவும் என்று அளந்து, அதற்கு மேல் அகலமாகப் பள்ளம் வெட்டு. அம்புட்டுத்தான் சூத்திரம்!

திரும்பும்போது அப்பத்தா கேட்டது, இதை முதன்முதலில் ஆரம்பித்தது யார் என்று. கவர்ன்மெண்ட் என்றேன். கவர்ன்மெண்ட் தானாக எதையும் செய்யாது, போய் நின்று கேட்ட ஆள் ஒருத்தன் இருப்பான், அவன் யார் என்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடம் காலேஜில் படிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆளின் பெயர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர். 1813 செப்டம்பர் 6இல் ஸ்காட்லாந்தில் மாண்ட்ரோஸ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்பிரிவில் கேப்டன். அம்மாவின் சகோதரர் ஜோசப் ஹியூம். இந்தத் தாய்மாமன் சாதாரண ஆள் இல்லை. சின்ன வயசில் அப்பாவை இழந்து, மண்பாண்டம் பீங்கான் விற்ற அம்மாவால் வளர்க்கப்பட்டு, டாக்டராகி, கம்பெனி வேலையில் இந்தியாவுக்கு வந்து, பிற்பாடு லண்டன் பார்லிமெண்டில் சீர்திருத்தம் பேசிய எம்.பி. ஆனவர். ஆக, பால்ஃபருக்கு வழி தெரிந்த வீடு. அட்மிஷன் படிவத்தில் எதை எங்கே நிரப்புவது என்று சொல்ல ஆளில்லாமல் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவருக்கு எம்.பி. மாமாவே இருந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நியாயமாக இருக்காது.

எடின்பரோவில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1834இல் கப்பலேறினார். வழியில் மொரீஷியஸ் தீவில், காட்டை வெட்டிய இடங்கள் என்ன கதியானது என்பதைக் கண்ணால் பார்த்தார். அது அவர் மனசில் தங்கிவிட்டது. 1836இல் சென்னை ராணுவத்தில் உதவி சர்ஜன் வேலை. அப்புறம் பல வருடம் தக்காணத்தில் படைகளோடு ஊர் ஊராக அலைச்சல். மற்ற துரைமார் வேட்டைக்குப் போன நேரத்தில் இவர் உருதும் பாரசீகமும் படித்தார். சும்மா பேசுகிற அளவுக்கு அல்ல, மொழிபெயர்க்கிற அளவுக்கு.

இவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் எண்ணிப் பார்ப்பது. அந்தக் காலத்தில் குண்டடி பட்டுச் சாகிற சிப்பாய்களைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் சாகிறவர்கள் மிக அதிகம். எந்தப் பாசறையில் எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் எழவில்லை, எந்த ஊர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று கணக்கெடுத்து 1840களில் புத்தகங்களாகப் போட்டார். நம் சர்வே வகுப்பில் சொல்வார்களே, பீல்டு புக்கில் எழுதாத ரீடிங் எடுக்காத ரீடிங் என்று, அந்த ரகம். கம்பெனிக்கு வேண்டியது உயிரோடு இருக்கிற சிப்பாய். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் எண்ணும் பழக்கம் வந்துவிட்டால் சிப்பாயோடு நிற்காது போலிருக்கிறது.

1849இல் மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மரத்தை வெட்டினால் ஈரம் போகும், ஊற்று வற்றும், பஞ்சம் வரும் என்பது சாரம். வைகைப் பாலத்தில் நின்று மணலைப் பார்க்கிற நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஏஜெண்டாக அவருக்கு வேலை. நவாபின் ஆட்சியைக் கம்பெனி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருந்தது பட்டமும் படியளப்பும். படியளக்கிற வேலை இவருக்கு. வேறு ஆளாக இருந்தால் அதிகாரம் பண்ணியிருப்பார். இவர் நவாபின் ஆதரவோடு 1850இல் முஸ்லிம் மக்களுக்காகத் திருவல்லிக்கேணிப் பகுதியில் ஒரு பொது நூலகம் அமையக் காரணமானார்.

1851இல் சென்னை அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பும் இவரிடம் வந்தது. தொடக்கத்தில் அங்கே இருந்தது என்ன தெரியுமா? சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 கற்கள்! மண்ணியல் மாதிரிகள். நம் லேபில் இருக்கும் கல் டப்பாவை நாமே திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயிரத்து நூறு கல்லைப் பார்க்க மெட்ராஸ் சனம் வண்டி கட்டிக்கொண்டா வரும்?

1854 கடைசியில் மியூசியம் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. இங்கேயும் பால்ஃபர் வாசலில் வருகிறவர்களை எண்ண வைத்தார். அப்போது வளாகத்தில் உயிருள்ள புலி உள்ளிட்ட சில விலங்குகளை வைத்திருந்தார்கள். கணக்கைப் பார்த்தவருக்கு ஒன்று பிடிபட்டது. கூட்டம் கல்லுக்காக வரவில்லை, புலிக்காக வருகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை இல்லாதவர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. பெரிய படிப்புப் படித்த ஒருவர் இதைப் பார்த்து என்ன நினைத்திருக்கலாம்? இதென்ன கூத்துமேடையா, புலியை அப்புறப்படுத்து, அறிவாளிகள் வந்தால் போதும் என்றிருக்கலாம். பால்ஃபர் மாற்றி நினைத்தார். புலியைப் பார்க்க வந்தவர்தான் அப்படியே உள்ளே போய்க் கல்லையும் பார்ப்பார். அப்படியானால் இன்னும் மிருகங்கள் வேண்டும். அரசாங்கத்திடம் கேட்டார், நவாபிடம் கேட்டார். கடைசி நவாபான குலாம் முகமது கவுஸ் கான் தன்னிடம் இருந்த விலங்குகளைத் தந்தார். 1855இல் மியூசியத் தோட்டத்திலேயே மிருகக்காட்சிசாலை உருவானது. அடுத்த ஆண்டில் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள்! அதே 1855 அக்டோபரில் நவாப் காலமானார். வாரிசு இல்லை என்று சொல்லிக் கம்பெனி அந்தப் பட்டத்தையும் ஒழித்துக்கட்டியது. நவாபின் மிருகங்கள் மட்டும் சனங்களோடு தங்கின.

இந்தியாவில் அதற்கு முன் மிருகங்களை அடைத்து வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. ராஜாக்கள் வைத்திருந்தார்கள். கல்கத்தா அருகே பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் தோட்டத்தில் இருந்தன. அவை ஆள்கிறவர்களின் சொந்த வேடிக்கை. லண்டனில் 1828இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலையே முதலில் சங்க உறுப்பினர்களுக்குத்தான், 1847இல்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. அதற்கு எட்டு வருடம் கழித்து, கூலிவேலைக்காரர் குடும்பமும் வந்து பார்க்கிற இடம் மெட்ராஸில் வந்துவிட்டது. திருவனந்தபுரம், கல்கத்தா அலிப்பூர், மைசூர் எல்லாம் இதற்குப் பிந்தியவை.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. மிருகங்களுக்கு அது சுகமான இடம் இல்லை. காட்டில் திரிந்ததைக் கூண்டில் வைத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான், ஆனால் புலிக்கு அது சமாதானம் ஆகாது.

1857இல் இந்தியாவைப் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். மரம், செடி, மிருகம், உலோகம், சாதி, தொழில், எல்லாம் அகர வரிசையில். அடுத்த பதிப்பு ஐந்து தொகுதிகளாக வளர்ந்தது. பிரசவம் பார்ப்பது பற்றிய ஓர் ஆங்கில மருத்துவ நூலை இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வருவதற்குத் தன் கைப்பணத்தைச் செலவழித்தார். 1859இல் மியூசியப் பொறுப்பை விட்டார். பிற்பாடு பெங்களூரில் மைசூர் அரசு மியூசியம் அமையவும் உழைத்தார்.

மிருகக்காட்சிசாலைக்கு எழும்பூர் இடம் பற்றவில்லை. 1860களின் தொடக்கத்தில் அது நகராட்சியின் கைக்கு மாறி, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கவர்னர் ட்ரெவெல்யன் உண்டாக்கிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கேதான் நூற்றிருபது வருடத்துக்கு மேல் இருந்தது. எங்கள் அப்பத்தா பார்த்தது அதைத்தான். பூங்காவின் நிலத்தில் விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் கட்டடம் வந்தது. சுற்றிலும் ரயில், பஸ், புகை. மிருகங்களுக்குக் கூண்டும் மாறவில்லை, தூக்கமும் இல்லை. வண்டலூர்க் காட்டில் 1979இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். இப்போது 602 ஹெக்டேர்! 2016 டிசம்பரில் வர்தா புயல் அங்கே ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்தது. 2021இல் சிங்கங்களுக்கே கொரோனா வந்து சில இறந்தும் போயின. அதையெல்லாம் தாண்டி நிற்கிறது.

நான் திரும்ப பால்ஃபரிடம் வருகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் வேலை செய்தது மிருகக்காட்சிசாலைக் கதை இல்லை, அவரது கடைசிக் காரியம்தான்.

1870களில் அவர் சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல், அதாவது மருத்துவத் துறைக்கே தலைவர். அவரது பழைய எண்ணும் பழக்கம் அங்கேயும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பெண்கள் வருவது குறைவு. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட முடியாமல், இந்துவும் முஸ்லிமுமாக எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் சாகிறார்கள். அப்படியானால் பெண்களே டாக்டர் ஆக வேண்டும். புலிக் கணக்கு மாதிரியே இதுவும் நேர்க்கணக்குத்தான். ஆனால் அந்தக் காலத்தில் இதைச் சொல்வது லேசில்லை. அவர் படித்த எடின்பரோவிலேயே 1869இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த பெண்களை 1870இல் ஒரு கும்பல் வழிமறித்துச் சேற்றை எறிந்தது. கடைசிவரை அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. 1872இல் பால்ஃபர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். 1875இல் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். இவர் 1878இல் தேர்ச்சி பெற்று, லண்டன் போய் மேற்படிப்பும் முடித்துத் திரும்பி வந்து, பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். மெட்ராஸ் சனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னார்களே, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அதுதான். பிற்பாடு புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி படித்ததும் அதே சென்னை மருத்துவக் கல்லூரிதான்.

1876இல் பால்ஃபர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். இந்துக்கள், முஸ்லிம்கள், ஐரோப்பியர் என்று எல்லாத் தரப்பும் வழியனுப்பின. லண்டனிலும் சும்மா இருக்கவில்லை, 1885இல் கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார். 1889 டிசம்பர் 8இல் காலமானார். அவர் பெயரில் 1891இல் ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தினார்கள். மருத்துவம் படிக்கும் பெண்களுக்கானது அது.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பத்தாவுக்குச் சொன்னேன். கலைக்களஞ்சியம் என்றபோது கொட்டாவி விட்டது. நவாப் மிருகங்களைக் கொடுத்த கதையை ரசித்துக் கேட்டது. நான்கு பெண்கள் விஷயம் வந்ததும் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டது.

எங்கள் வீட்டில் என் தங்கச்சி பன்னிரண்டாவது முடித்துவிட்டு நிற்கிறாள். நர்சிங் படிக்க ஆசை. மார்க்கும் இருக்கிறது. அப்பாவுக்கு ஒருத்தன் படிப்பதற்கே மூச்சு வாங்குகிறது, அதோடு பெண்பிள்ளையை ஹாஸ்டலில் விட பயம். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் முதுகில்தான் என் செமஸ்டர் பீஸ் ஏறி இறங்குகிறது. நான் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். படித்த திமிரில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அப்பத்தா பேச்செடுத்தது. டாக்டர் பெயர் அதன் வாயில் நுழையவில்லை. உயிர் காலேஜ் ஆரம்பித்த வெள்ளைக்காரன் என்று ஆரம்பித்து, எங்கள் பெரிய அத்தை பிரசவத்தில் செத்துப்போன கதைக்கு வந்து நின்றது. அந்த அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு, வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் தங்கச்சியும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பி வைத்தோம். பணம் கட்டவில்லை. அந்தக் காகிதத்தை அப்பத்தா வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்தார், எடுக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. இதை எழுதும்போது கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.